வராதவன் வந்தவனாகக் கருதப்படுவான்

பொறியியல் படிப்பின் விதிமுறைப் புத்தகத்தை முழுசாகப் படித்த மாணவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. படிக்கிற காலத்தில் நானும் படித்தவனில்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, ஒரு நண்பனுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அதில் ஒரு விதியின் சாரம் இது: ஒரு பாடத்தின் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு, முறைப்படி அனுமதி வாங்கி விலகாமல், தேர்வன்று வராமல் போகிற மாணவர், பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிக்கும் கணக்கில் அந்தத் தேர்வை எழுதியவராகவே கருதப்படுவார்.

இரண்டாவது முறை படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன். வராதவன் வந்தவனாகக் கருதப்படுவான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். விசித்திரமான நிபந்தனைகளை எழுதியிருக்கிறேன், அடுத்தவர் எழுதியதைத் திட்டிக்கொண்டே திருத்தியும் இருக்கிறேன். ஆனால் ஓர் ஆள் இல்லாததை, அந்த ஆள் இருந்து தோற்றதாகப் பதிவு செய்யும் ஒரு வரியை எங்கள் அலுவலகத்தில் யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கே நிறுத்தி, ‘இது எதுக்குப்பா?’ என்று கேட்டிருப்போம். இந்த வரியை இத்தனை வருஷமாக யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

*

நான் ராயபுரம். நண்பன் திருவொற்றியூர். 2008-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவே நிற்கிற கட்டடங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறேகாலுக்கு டோல்கேட்டில் கல்லூரிப் பேருந்து. கன்டெய்னர் லாரிகள் வழியை விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும்.

அவன் அப்பா துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டினார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். துறைமுகத்தின் வாசலில் நுழைய வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்கும். சோறு, தூக்கம், குளியல் எல்லாம் வண்டியில்தான். 2009 நவம்பரில் ஓர் இரவு, வரிசையில் நின்ற வண்டியிலிருந்து டீ குடிக்க இறங்கியவரை இன்னொரு வண்டி இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா பகலில் இருப்பார், இரவில் இவன். பதினோரு இரவு அங்கேதான் இருந்தான். எங்கள் மூன்றாம் செமஸ்டர் தேர்வுகள் அப்போதுதான் நடந்தன. மூன்று பேப்பருக்கு அவன் வரவில்லை. அதில் ஒன்று எம்3, மூன்றாம் செமஸ்டர் கணிதம். தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாரிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிஷம் முகம் மாறும்.

தேர்வு முடிந்ததும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். விலகல் அனுமதிக்கான கடிதத்தைப் பத்து நாளைக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

‘சார், அப்பாவுக்கு ஆக்சிடென்ட் ஆகும்னு பத்து நாளைக்கு முன்னாடி எப்பிடி சார் லெட்டர் குடுக்கிறது?’ என்று கேட்டான்.

‘ரூல் அப்பிடித்தாம்ப்பா’ என்றார் அங்கே இருந்தவர். கெட்ட மனிதரில்லை. தண்ணி குடிக்கிறியா என்றுகூடக் கேட்டார்.

வருஷங்கள் கழித்து விதிமுறையைப் படித்தபோதுதான் தெரிந்தது. அசாதாரணமான சூழ்நிலையில் பத்து நாள் நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அன்றைக்கு அதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அப்படியே சொல்லியிருந்தாலும், விலகல் சலுகை நாலு வருஷத்தில் ஒரு முறைதான். அரியர் பாடங்களுக்கு அதுவும் கிடையாது. அதாவது ஏற்கனவே விழுந்தவனுக்கு இரண்டாம் முறை கஷ்டம் வரக்கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வடசென்னையில் யாரும் ஊகிக்கக்கூடியது. அப்பாவால் மறுபடி வண்டி ஓட்ட முடியவில்லை. இவன் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு ஷிஃப்ட் டேலி கிளார்க்காகச் சேர்ந்தான். உள்ளே வரும் பெட்டியின் எண், சீல், அடிபட்ட இடம் எல்லாம் பார்த்துக் குறிக்கிற வேலை. காலையில் ஷிஃப்ட் முடிந்து நேராக டோல்கேட்டுக்கு வந்து பேருந்தில் ஏறித் தூங்குவான். ஏற முடியாத நாட்களில் அட்டென்டன்ஸ் போகும். 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுதலாம். மருத்துவச் சான்று மாதிரியான காரணம் காட்டினால் 65 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். இவன் ஒவ்வொரு செமஸ்டரும் 65-க்கும் 75-க்கும் நடுவில் கயிற்றில் நடந்தான்.

2012-ல் நாங்கள் முடித்தோம். அவனுக்கு அப்போது இரண்டு பேப்பர் பாக்கி. அதில் ஒன்றை அந்த வருஷமே முடித்தான். எம்3-ஐ 2013 ஏப்ரல்-மேயில் எழுதி, இரண்டு மார்க்கில் விட்டான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினான். ‘நோ சேஞ்ச்’ என்று வந்தது. 2013 நவம்பர்-டிசம்பரில் எழுதித் தேறினான். குறிப்பிட்ட முறைகளுக்கு மேல் போனால் இன்டர்னல் மார்க்கைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், எழுதுகிற பேப்பரிலேயே 50 சதவீதம் எடுக்க வேண்டும். அதையும் எடுத்தான். மொத்த சிஜிபிஏ ஏழரைக்கு மேல். முதல் வகுப்புக்குத் தேவையானதைவிட அதிகம்.

பட்டம் வந்தது. இரண்டாம் வகுப்பு.

ஏன்? முதல் வகுப்பு வேண்டுமென்றால் மார்க் மட்டும் போதாது, சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டும். அவனுக்கு ஐந்தரை ஆகிவிட்டது. முதல் வகுப்புக்கும் மேலே ‘டிஸ்டிங்ஷன்’ என்று ஒன்று உண்டு. அதற்கு சிஜிபிஏ 8.5 வேண்டும், கூடவே எல்லாப் பாடத்தையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். நாம் மேலே பார்த்த விதிப்படி, ஸ்டான்லியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவன் தேர்வு எழுதியாகிவிட்டது. எனவே மூன்றாம் செமஸ்டரோடு அந்தக் கதவு மூடிவிட்டது. மீதி ஐந்து செமஸ்டரில் அவன் பத்துக்குப் பத்து எடுத்திருந்தாலும் திறந்திருக்காது.

நான் முதல் வகுப்பு. எனக்கு எம்3-ல் ஓர் அரியர் விழுந்து அடுத்த முறையே போய்விட்டது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவன்தான். என் அப்பாவுக்கு நிரந்தர வேலை, மாசம் பிறந்தால் சம்பளம். எனக்கு இரவு இருந்தது. அவனுக்குக் கணக்கு இருந்தது. பல்கலைக்கழகம் எங்கள் இருவர் பட்டத்திலும் அளந்து எழுதியது இரவைத்தான்.

*

2008, 2013, 2017, 2021 என்று விதிமுறைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்டர்னலுக்கு 20, எழுத்துத் தேர்வுக்கு 80 என்று இருந்தது, இப்போது 40, 60 ஆகியிருக்கிறது. பாடத்திட்டம் மாறியிருக்கிறது. மாறாமல் நிற்பவை மூன்று: முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும் என்பது, ஐந்து வருஷம் என்பது, வராதவன் வந்தவன் என்பது.

சரி, ஒரு சின்ன ஒப்பீடு. ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போடுகிறோம். கால் ஊன்றிவிட்டால் அடுத்த வாரம் வா என்கிறார்கள். மூன்றாவது தடவை போட்டு லைசென்ஸ் வாங்குகிறவன் லைசென்ஸில் ‘மூன்றாம் முறை, இரண்டாம் வகுப்பு ஓட்டுநர்’ என்று அச்சடிக்கிறார்களா? இத்தனைக்கும் அவன் தப்பாக ஓட்டினால் உயிர் போகும். அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இப்போது உனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?

எங்கள் தொழிலிலும் அப்படித்தான். எழுதிய நிரல் சோதனையில் நாற்பது தடவை விழும். நாற்பத்தொன்றாவது தடவை தேறியதும் அதுதான் வெளியே போகிறது. பயன்படுத்துகிறவருக்கு அந்த நாற்பதைப் பற்றிக் கவலையில்லை. பொறியியல் என்பதே விழுந்ததைத் திருத்துகிற தொழில். அதைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் மட்டும், விழுந்து திருத்திக்கொண்டவனுக்கு ஆயுளுக்கும் ஒரு முத்திரை.

அமெரிக்காவின் எம்ஐடியில் (நம் குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது) முதல் செமஸ்டரில் புது மாணவர்களுக்கு ‘தேர்ச்சி, இல்லையேல் பதிவில்லை’ என்று ஒரு முறை இருக்கிறது. தேறினால் தேர்ச்சி என்று வரும். தேறாவிட்டால் வெளியே காட்டுகிற மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடமே வராது. புது இடம், புதுப் பாடம், தடுமாறத்தான் செய்வார்கள் என்று உலகத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே அவர்கள் இடம் கொடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் நாளே ஆங்கிலத்தில் எம்1 கேட்கிற தண்டையார்பேட்டைப் பையனுக்கு நாம் கொடுப்பது ‘மீண்டும் எழுதுக’ என்ற ஒரு குறி.

*

இந்தக் காலக் கணக்கு எங்கள் கடற்கரையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை. ஒன்று ஏப்ரல்-மே, இன்னொன்று நவம்பர்-டிசம்பர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். படகில் போகிறவர், ஏலம் எடுப்பவர், ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குகிற ஆயா வரை எல்லார் வீட்டிலும் கையில் காசு இருக்காது. அரியர் நாலு இருந்தால் நடப்புப் பாடத்தோடு சேர்த்துப் பத்துப் பேப்பர், அத்தனைக்கும் தேர்வுக் கட்டணம். 2023 நவம்பரில் ஒரு பேப்பருக்கு 150 ரூபாய் என்று இருந்ததை 225 ஆக்க முடிவெடுத்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தார்கள். 75 ரூபாய் என்ன பெரிய காசா என்று கேட்பவர் பத்தால் பெருக்கிக்கொள்ளட்டும். பெருக்கிய தொகையோடு மே மாதம் காசிமேட்டில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கட்டும்.

நவம்பர்-டிசம்பர் இதைவிட மோசம். வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்: எண்ணூர்க் கழிமுகத்திலும் ஆற்றோரக் குடியிருப்புகளிலும் வெள்ளத்தோடு எண்ணெயும் ஏறியது. வீட்டுச் சுவரிலும் படகிலும் கறுப்பாகப் படிந்ததை ஊரே பார்த்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்குள் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள்.

புயல் நாட்களில் தேர்வைத் தள்ளிவைக்கிறார்கள், உண்மை. தள்ளிவைப்பது தேதியைத்தான். ஒரு வாரம் கழித்துப் புதுத் தேதியில் தரமணியில் இருப்பவனும் எண்ணூரில் இருப்பவனும் ஒரே கேள்வித்தாளை எழுதுவார்கள். ஒருவன் அந்த வாரம் படித்திருப்பான். இன்னொருவன் அந்த வாரம் வீட்டுக்குள் வந்த எண்ணெய்ச் சேற்றை வழித்துக் கொட்டியிருப்பான். தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு ஐந்தாறு மாதம் கழித்து, தடைக்காலத்தில்.

இந்த லட்சணத்தில், 2017 விதிமுறை ஒரு படி மேலே போனது. முதல் செமஸ்டரில் விழுந்த பாடத்தை அடுத்த செமஸ்டரில் எழுத முடியாது, அந்தப் பாடம் மறுபடி நடத்தப்படும் செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும் என்றது. அதாவது ஒரு வருஷம். 2019 ஜனவரியில் மாணவர்கள் கிண்டியில் திரண்டு போராடிய பிறகுதான் தளர்த்தினார்கள். ஐந்து வருஷ எல்லை ஒரு பக்கம், வருஷத்துக்கு ஒரே வாய்ப்பு மறு பக்கம். இதை எழுதியவர்களுக்கு கூட்டல் தெரியாது என்று நான் நம்பவில்லை. அரியர் வைத்திருப்பவன் சோம்பேறி, அவனுக்குச் சூடு போட்டால்தான் படிப்பான் என்று நம்பியிருக்கிறார்கள்.

*

இதைச் சொன்னால் வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘தரம் போயிடும் சார். நாளைக்குப் பாலம் இடிஞ்சா?’ நான் கேள்வித்தாளைச் சுலபமாக்கச் சொல்லவில்லை. தேர்ச்சி மார்க்கைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு மார்க்கூடத் தூக்கிப் போட வேண்டாம். எம்3-ல் 50 எடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் பட்டம். அவன் அதை 2009-ல் எடுத்தானா 2013-ல் எடுத்தானா என்பதில் பாலத்துக்கு என்ன வந்தது? உண்மையில் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பிறகு மறுமதிப்பீட்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் 70 ஆயிரத்துக்கும் மேல் தேறினார்கள். பணம் கைமாறியதாகச் சொல்லி 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. வழக்கில் யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு ஒரு கேள்விதான். அத்தனை பேருடைய முதல் மதிப்பீடு தப்பு என்றால், ‘முதல் முறையிலேயே தேர்ச்சி’ என்பதை எந்த முகத்தோடு மாணவனின் தகுதியாக எழுதுகிறோம்? மறுமதிப்பீட்டில் தேறியது பொய் என்றாலும் அதே கேள்விதான். திருத்துகிற கை இப்படி நடுங்கும்போது எழுதியவனின் முதல் முறை மட்டும் எப்படிப் புனிதமாகும்?

‘முதல் தடவையே பாஸ் பண்றது ஒழுக்கத்தைக் காட்டுதே!’ காட்டலாம். இரவு பத்து மணிக்கு யார்டுக்குப் போய், காலை ஆறேகாலுக்கு டோல்கேட்டில் நின்று, நாலு வருஷம் விடாமல் அதே பேப்பரை எழுதித் தேறினவனிடம் இருப்பதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

‘கம்பெனிக்காரன் வித்தியாசம் தெரிஞ்சுக்க வேணாமா?’ ஒவ்வொரு பாடத்தையும் எந்த மாதம், எந்த வருஷம் தேறினான் என்று மதிப்பெண் பட்டியலில் ஏற்கனவே இருக்கிறது. பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்ளலாம். நான் கேட்பது, பட்டத்தின் நெற்றியில் அதை எழுதாதே என்பதைத்தான். ஏனென்றால் அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனையோ கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றன. அங்கே பட்டியலைப் புரட்டிப் பார்க்கிற மனிதர் யாரும் இருப்பதில்லை. அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்குப் பொறியியலில் முதல் வகுப்பு வேண்டும். 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தபோது என் நண்பன் விண்ணப்பிக்க உட்கார்ந்தான். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விதிமுறையைப் படித்தது. ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

*

இப்போது 2020-க்கு வருகிறேன். என் கட்சிக்காரர்கள் சிலருக்கு இந்தப் பகுதி பிடிக்காது.

கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்கள் எழுதாமலே தேர்ச்சி என்று அறிவித்தார். நன்றி சொல்லி மாணவர்கள் பேனர் வைத்தார்கள். ஏஐசிடிஇ ஒப்பவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஒருவரே உயர் நீதிமன்றம் போனார். 2021 ஏப்ரலில் நீதிமன்றம், தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்றது. பிறகு ஆன்லைனில் தேர்வு நடந்தது.

நான் நீதிமன்றத்தின் பக்கம். எழுதாமல் தேர்ச்சி என்பது ஏழை மாணவனுக்குச் செய்த நன்மை இல்லை, அவமரியாதை. உனக்கு எப்படியும் வராது, இந்தா வைத்துக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். வேலைக்குப் போகிற இடத்தில் ‘நீ அந்த 2020 பேட்ச்சா?’ என்ற சிரிப்பை அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் வாங்குகிறார்கள்.

அன்று சாயந்தரம் நண்பனுக்குப் போன் போட்டேன். அவனிடம் டியூஷன் படித்த பையன்கள் தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்த சத்தம் போனில் கேட்டது. ‘என்னடா சொல்ற?’ என்றேன்.

‘மார்க்கை சும்மா குடுத்துட்டானுங்க மச்சான். எனக்கு அது வேணாம். ஆறு மாசம் டைம் குடுத்திருந்தா போதும்’ என்றான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவும் அதற்குள் இருக்கிறது. நம் அமைப்பு மார்க்கில் தாராளம் காட்டத் தயார், அதில் ஓட்டு இருக்கிறது. காலத்தில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காது. நியாயம் இதற்கு நேர் எதிரானது. மார்க்கில் கறாராக இரு. காலத்தில் இளகு.

காலத்தில் இளகியதே இல்லையா என்றால், இளகியிருக்கிறது, காசுக்கு. பட்டத்தை முடிக்க அதிகபட்சம் ஏழு வருஷம் என்பது விதி. நிர்ணயித்த ஆண்டுகளோடு இரண்டு, தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் ஒன்று என்று யுஜிசி 2015-ல் சொன்னதோடும் அது பொருந்துகிறது. ஆனால் 2021-ல் அண்ணா பல்கலைக்கழகம், 2001-02-லிருந்து அரியர் வைத்திருப்பவர்கள் மறுபடி எழுதலாம் என்று சிறப்பு வாய்ப்பு அறிவித்தது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய். இருபது வருஷம் கழித்து எழுதினால் பட்டத்தின் மதிப்பு குறையாது என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டதாகத்தானே இதற்கு அர்த்தம்? அப்படியென்றால் ஐந்து வருஷத்தைத் தாண்டி ஆறு மாதம் ஆனதற்கு முதல் வகுப்பு ஏன் கெட்டுப்போகிறது?

*

தமிழ்நாடு இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத மாநிலமில்லை. நுழைவுத் தேர்வு வசதியுள்ளவர்களுக்குத்தான் வழிவிடுகிறது என்று சட்டம் போட்டு, 2007 முதல் பொறியியல் சேர்க்கையில் அதை எடுத்தோம். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கொடுத்தோம். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்து, கட்டணத்தை அரசே ஏற்றது. எல்லாமே பெருமைப்பட வேண்டியவை. நானே அந்த வாசல் வழியாக வந்தவன்தான்.

ஆனால் உள்ளே வரும் வாசலில் ‘நீ எந்த வீட்டிலிருந்து வருகிறாய்’ என்று பரிவோடு கேட்கிற நாம், வெளியே போகும் வாசலில் கேட்பதில்லை. அங்கே கடிகாரம் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை நாலு வருஷத்துக்குத்தான். ஐந்தாவது வருஷம் அரியர் எழுதுகிறவன் முதல் பட்டதாரியாக இல்லாமல் போய்விட்டானா? சமூக நீதி பேசுகிற எந்தக் கட்சியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் வகுப்பு விதியைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது ‘அகடமிக்’ விஷயம் என்று விட்டுவிட்டார்கள். அகடமிக் விஷயத்தில்தான் அநியாயம் சத்தமில்லாமல் உட்காரும்.

எனவே கேட்கிறேன். வராதவனை வந்தவனாகக் கருதும் வரியை எடுங்கள். வராதவன் வரவில்லை, அவ்வளவுதான். முதல் வகுப்புக்கும் டிஸ்டிங்ஷனுக்கும் சிஜிபிஏ மட்டும் போதும், முதல் முறை, ஐந்து வருஷம் என்ற இரண்டு நிபந்தனையும் போகட்டும். ரிசல்ட் வந்த நாற்பது நாளுக்குள் துணைத் தேர்வு நடத்துங்கள். சில தன்னாட்சிக் கல்லூரிகள் செய்கின்றன, பள்ளிக்கல்வித் துறை பிளஸ் டூவுக்கு வருஷா வருஷம் செய்கிறது, பல்கலைக்கழகத்தால் முடியாதா? விலகல் அனுமதியை நாலு வருஷத்துக்கு ஒன்று என்று வைக்காதீர்கள், புயலும் ஆக்சிடென்ட்டும் எண்ணி வருவதில்லை. அரியர் பாடத்துக்கும் அதைக் கொடுங்கள். இவ்வளவுக்கும் ஒரு கட்டடம் கட்ட வேண்டாம், ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டாம். அகடமிக் கவுன்சில் ஒரு மதியம் கூடினால் முடியும்.

*

போன மாதம் திருவொற்றியூர் போயிருந்தேன். மெட்ரோவில் இறங்கினால் அவன் வீடு பத்து நிமிஷ நடை. பகலில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். சாயந்தரம் ஏழு மணிக்கு மாடியில் டியூஷன். தகர ஷீட்டுக் கூரை, ஒரு கரும்பலகை, பதினைந்து பதினாறு பேர். மணலி, எர்ணாவூர், கத்திவாக்கம், கொஞ்சம் பேர் ராயபுரத்திலிருந்தும் வருகிறார்கள். பாதிப் பேர் பொறியியல் அரியர், மீதி பாலிடெக்னிக். பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவரே தன் மாணவர்களை இவனிடம் அனுப்புகிறாராம்.

படியில் உட்கார்ந்து கேட்டேன். ஃபூரியர் தொடரைத் துறைமுகத்து அலையை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரிய அலைக்கு மேலே சின்ன அலை, அதுக்கு மேலே இன்னும் சின்னது, எல்லாத்தையும் கூட்டினா நீ பாக்கிற தண்ணி. நான் நாலு வருஷம் கல்லூரியில் கேட்டதைவிட நன்றாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் தயங்கி நின்றான். வெல்டிங் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறான், சட்டையில் பொத்தல்கள். ‘அண்ணா, அம்மாவுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். எக்ஸாம் தேதியிலதான் வரும்போல’ என்றான்.

நண்பன் மேசை டிராயரைத் திறந்து, விலகல் விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இருபது முப்பது நகல் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறான். ‘நாளைக்கே குடுத்துடு கண்ணு. பத்து நாளைக்கு முன்னாடி குடுக்கணும். வாங்க மாட்டேன்னு சொன்னா எனக்குப் போன் பண்ணு. ஸ்பெஷல் கேஸுக்கு ஒரு வரி இருக்கு, அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன்.’

பையன் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது அரியருக்கும் செல்லுமாண்ணா?’ என்று கேட்டான்.

அவன் என்னைப் பார்த்தான்.